பூஞ்சேரியில் வாங்கிய கையெழுத்துகள்



சதுரங்க விதிநூலில் ஒரு சிறிய விதி இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும், ஆடிய இருவரும் முடிவைக் குறித்து, நகர்வுகளை எழுதிவந்த ஸ்கோர் ஷீட் இரண்டிலும் கையெழுத்துப் போட வேண்டும். வென்றவர் போடுவதில் வியப்பில்லை. தோற்றவரும் போட வேண்டும். நாலைந்து மணி நேரம் கட்டிக் காத்த ராஜா சிக்கிக்கொண்ட அதே நிமிடத்தில், கை நடுக்கம் அடங்கும் முன்பே, தன் தோல்வியை எழுதிய தாளுக்குக் கீழே பெயரை எழுதித் தர வேண்டும். முடிவைத் தவறாகக் குறித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால்கூட, நடுவர் மாற்றினால் ஒழிய அதுவே நிற்கும் என்கிறது அந்த விதி. கிரிக்கெட்டில் அவுட்டானவரிடம் யாரும் தாளை நீட்டுவதில்லை. மட்டையை இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். சதுரங்கத்தில் அந்தச் சலுகை கிடையாது.

நான் இன்று பேச வந்தது ரசிகர்கள் வாங்கும் கையெழுத்தைப் பற்றி. அதற்கு ஏன் இந்த விதியிலிருந்து தொடங்குகிறேன் என்றால், 2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நம் பிள்ளைகள் நோட்டை நீட்டியது இப்படிப்பட்ட கைகளிடம்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தோல்விக்குக் கீழே கையெழுத்துப் போட்ட கை, வெளியே வந்து ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் நோட்டிலும் போட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்கள் மேல் மதிப்புக் கூடுகிறது.

44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நம் ஊருக்கு வந்த கதை உங்களுக்குத் தெரியும். ரஷ்யாவில் நடக்க வேண்டிய போட்டி அது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்ததும் போட்டி அங்கிருந்து பறிக்கப்பட்டது. மார்ச் மாதம் சென்னைக்குக் கிடைத்தது. நாலே மாதம். அதற்குள் பூஞ்சேரியில் இருந்த மாநாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய கூடம் எழுப்பினார்கள். சென்னையில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிக் கைகூப்பிய ‘தம்பி’ குதிரை கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக நின்றது. ஜூலை 28-ஆம் தேதி தொடக்க விழா சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்தது. ஆட்டங்கள் மறுநாள் முதல் ஆகஸ்ட் 9 வரை, நடுவில் ஒரு நாள் ஓய்வு விட்டு, பதினொரு சுற்றாக நடந்தன. பொதுப் பிரிவில் 188 அணிகள், பெண்கள் பிரிவில் 162 அணிகள். ஓர் அணிக்கு நாலு பலகை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 700 பலகைகளில் ஒரே நேரத்தில் ஆட்டம். 1,700-க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள். இத்தனையும் நடந்த நம் செங்கல்பட்டு தனி மாவட்டமாகி அப்போது மூன்று ஆண்டுகூட நிறையவில்லை.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்தால் மாமல்லபுரம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அந்த வழியில்தான் நானும் என் அக்கா மகளும் ஒரு நாள் போனோம். அவள் அப்போது பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூட அணிக்கு ஆடுகிறவள். மடியில் கோடு போடாத ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ஒரு நாட்டின் பெயரைத் தமிழ் அகர வரிசையில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். அங்கோலா, அசர்பைஜான், அண்டோரா, அமெரிக்கா என்று போனது அந்த வரிசை. நாட்டுக்கு ஒரு கையெழுத்து என்பது அவள் திட்டம்.

நான் அவளிடம், முதலில் கார்ல்சன் வரும் வழியைப் பார்க்கலாமே என்றேன். அன்றைக்கு உலக சாம்பியன் அவர். பட்டத்தைக் காக்கப் போவதில்லை என்று அதே ஜூலையில் அறிவித்துவிட்டு, நார்வேக்காக முதல் பலகையில் ஆட வந்திருந்தார். 2013 நவம்பரில் சென்னையிலேயே ஆனந்தை வென்று அந்தப் பட்டத்தை எடுத்தவர். யாருக்குத்தான் அவர் கையெழுத்து வேண்டாம்?

“அங்கே எல்லாரும் நிப்பாங்க மாமா. பின்னாடி இருக்கிற பலகைக்கு யாருமே போக மாட்டாங்க. நாம அங்கே போகலாம்” என்றாள்.

அவள் சொன்னது சரி என்பது உள்ளே போனதும் விளங்கியது. முதல் சில மேசைகளுக்கு எதிரே தடுப்புக்கு வெளியே கூட்டம் தோளோடு தோள் உரசி நின்றது. கூடத்தின் கடைசிப் பக்கம் போகப் போக ஆள் குறைந்தது. அங்கே ஜாம்பியா, பார்படோஸ், உகாண்டா மாதிரி நாட்டு அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. இப்படிப்பட்ட அணிகளில் பலருக்குச் சதுரங்கம் பிழைப்பு இல்லை. பள்ளி ஆசிரியர், மருத்துவர், கல்லூரி மாணவர், வங்கி ஊழியர் என்று வேறு வேலை பார்த்துக்கொண்டு, விடுப்பு எடுத்துத் தம் நாட்டுக்காக ஆடுகிறவர்கள். பாலஸ்தீன அணியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஆடினாள். ஸ்வீடனின் முதல் பலகையில் பியா கிராம்லிங் இருந்தார். அவர் ஒலிம்பியாடில் முதன்முதலாக ஆடியது 1978-இல், புவனோஸ் ஐரஸில். பூஞ்சேரிக்கு வந்தபோது அவருக்கு வயது 59. பெண்கள் பிரிவு முதல் பலகையின் தனிநபர் தங்கம் அவருக்குத்தான் போயிற்று. பேத்தி வயதுப் பெண்களை எதிரே உட்காரவைத்து வென்றார் அவர். நம் பெண்கள் அணியின் ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடினார். இத்தனை விதமான மனிதர்கள் ஒரே கூரையின் கீழ் மௌனமாக உட்கார்ந்திருக்கும் காட்சியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

மௌனம் என்று சொன்னேன். நடுவரின் அனுமதி இல்லாமல் ஆட்டக்கூடத்தில் எவரும் செல்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்பது சதுரங்க விதி. ஆட்டக்காரரிடம் செல்பேசி இருப்பது தெரிந்தால் ஆட்டமே போய்விடும். மற்ற விழாக்களில் பிரபலம் ஒருவர் தென்பட்டதும் ஆயிரம் கைகள் செல்பேசியோடு உயர்கின்றன. செல்ஃபிக்கு முகத்தைக் கொடுத்துவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார். அரை விநாடி. கையெழுத்துக்கு அதைவிட நேரம் வேண்டும். நோட்டை வாங்க வேண்டும், பேனா எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும், எங்கே போடுவது என்று கேட்க வேண்டும். அந்தப் பதினைந்து இருபது விநாடியில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். கையெழுத்தின் பெருமையே அந்த விநாடிகளில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எப்போது கேட்பது என்பதற்கும் ஒரு முறை உண்டு. ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கும். அதற்கு முன்னால் கேட்கக் கூடாது. மனத்துக்குள் திறப்பு நகர்வுகளை ஓட்டிக்கொண்டு நடக்கிறவரின் தோளைத் தொடுவது பாவம். முடிந்த பிறகும் உடனே பாயக் கூடாது. யார் வென்றார், யார் தோற்றார் என்று தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுக்கட்டங்களில் வைப்பார்கள். இரண்டும் வெள்ளைக் கட்டத்தில் நின்றால் வெள்ளை வென்றது. இரண்டும் கறுப்புக் கட்டத்தில் நின்றால் கறுப்பு வென்றது. அக்கா மகள் தடுப்புக்கு வெளியே நின்று ராஜாக்களைப் பார்ப்பாள். தோற்றவர் வெளியே வந்தால் நோட்டை மூடிக்கொண்டு வழி விடுவாள். அவர் தண்ணீர் குடித்து, அணித்தோழர்களோடு இரண்டு வார்த்தை பேசி, முகம் கொஞ்சம் தெளிந்த பிறகே அருகில் போவாள். இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானே தோற்றுப் பழகியவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை ஓர் ஆப்பிரிக்க நாட்டு அணியின் கடைசிப் பலகைக்காரர் வெளியே வந்தார். அவள் நோட்டை நீட்டினாள். தன் நாட்டின் பெயர் தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, இதை எப்படிப் படிப்பது என்று கேட்டார். சொன்னாள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். தன் முழுப் பெயரையும் ஊரின் பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். அதற்குப் பிறகு தன் பையிலிருந்து போட்டி நிகழ்ச்சிநிரலை எடுத்து அவளிடம் நீட்டி, எனக்கும் நீ எழுதிக் கொடு, உன் எழுத்திலேயே எழுது என்றார். அவள் முகம் சிவந்துவிட்டது. தன் பெயரையும் ‘செங்கல்பட்டு’ என்றும் எழுதிக் கொடுத்தாள். இன்றைக்கு எங்கோ ஒரு வீட்டில் அந்தத் தாள் இருக்கிறது. நம் பிள்ளைகள் வாங்கியவை மட்டும் கணக்கில்லை, கொடுத்தவையும் இருக்கின்றன என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உக்ரைன் பக்கத்தில் பெண்கள் அணியைச் சேர்ந்த ஒருவரின் கையெழுத்து இருக்கிறது. அதைப் புரட்டும்போது நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். அவர்கள் நாட்டின் மேல் படையெடுத்த காரணத்தால் இடம் மாறிய போட்டி இது. அந்த அணியில் ஆடியவர்கள் அன்னா முசிச்சுக், மரியா முசிச்சுக், அன்னா உஷெனினா, நத்தாலியா புக்சா, யூலியா ஒஸ்மாக். ஐந்து பேரும் கடைசி நாளில் தங்கப் பதக்கத்தோடு மேடையேறினார்கள். ஜார்ஜியாவுக்கு வெள்ளி, நம் பெண்கள் முதல் அணிக்கு வெண்கலம். போர் நடக்கும் நாட்டிலிருந்து வந்து, அங்கே இருக்கிறவர்களைப் பற்றிய கவலையோடு தினமும் நாலு மணி நேரம் மனத்தைக் குவித்து ஆடிய ஒருவரின் கை, மாமல்லபுரத்து மண்ணில் ஒரு நோட்டில் போட்ட எழுத்து அது. இதை நான் சரித்திர ஆவணம் என்று சொல்லத் தயங்கவில்லை.

ஆவணம் என்றதும் பூஞ்சேரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்வதற்காகவே இந்தப் பேச்சுக்கு ஒத்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

மாமல்லபுரத்தில் ராஜாக்களின் பெயர்களுக்குக் குறைவில்லை. தர்மராஜ ரதத்தில் நரசிம்மவர்மனின் விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சாளுவன்குப்பத்து அதிரணசண்ட மண்டபத்தில் பல்லவ கிரந்தத்தில் ஒருமுறை, நாகரியில் ஒருமுறை என்று இரண்டு எழுத்திலும் அரசன் புகழ் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உளி பிடித்தவர்கள் யார்? கடற்கரைக் கோயிலையும் அர்ச்சுனன் தபசையும் பார்க்க வரும் கூட்டம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறது. விடை இருக்கிறது. ஊருக்குள் இல்லை, பூஞ்சேரியில் இருக்கிறது. நொண்டி வீரப்பன் தொட்டி என்று மக்கள் சொல்லும் இடத்தில் உள்ள பாறைகளில், பல்லவர் கால எழுத்தில், தச்சர்களும் கொல்லர்களும் தம் பெயர்களைத் தாமே வெட்டி வைத்திருக்கிறார்கள். கேவாத பெருந்தச்சன். குணமல்லன். பையமிழிப்பான். சாதமுக்கியன். கொல்லன் சேமகன். இன்னும் சில. அவர்கள் பெயர் ரதங்களின் மேல் இல்லை. ஒதுக்குப்புறமான பாறையில் இருக்கிறது.

உலகத்தின் சதுரங்கக்காரர்கள் அத்தனை பேரும் வந்து இறங்கியது இதே பூஞ்சேரியில். மாநாட்டுக் கூடத்தைத் தேடி வந்த கூட்டத்தில் எத்தனை பேர் அந்தப் பாறைகளைப் பார்த்திருப்பார்கள்? அக்கா மகளை நான் அங்கே அழைத்துப் போனது ஒலிம்பியாட் முடிந்து கொஞ்ச காலம் கழித்து. அவள் விரலால் எழுத்தைத் தொடாமல், ஒரு சாண் தள்ளியே காற்றில் வரைந்து பார்த்தாள். கடைசிப் பலகைக்காரர்களைத் தேடிப் போனவளுக்கு அந்தப் பெயர்கள் உடனே புரிந்தன என்று நினைக்கிறேன். எந்த ஆட்டத்திலும் முதல் மேசையின் பெயர் எப்படியும் நின்றுவிடும். அதற்கு ஏற்பாடு இருக்கிறது. மற்றவர்களின் பெயர் நிற்க வேண்டுமானால் யாராவது மெனக்கெட வேண்டும். பல்லவர் காலத்தில் அவர்களே மெனக்கெட்டார்கள். நம் காலத்தில் ஒரு ரசிகர் மெனக்கெட்டால் போதும்.

ரசிகர் என்ற பிறவியை நாம் குறைவாக மதிக்கிறோம். கூட்டத்தில் கத்துகிறவர், பாலாபிஷேகம் செய்கிறவர் என்ற படம்தான் நம் மனத்தில் இருக்கிறது. வெளிநாட்டில் அறிவியல் புனைகதை ரசிகர்களின் வரலாற்றைப் பார்த்தால் வேறு படம் கிடைக்கும். 1939 ஜூலையில் நியூயார்க்கில் அவர்களின் முதல் உலக மாநாடு கூடியது. வந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர். அதில் ஒரு பதினெட்டு வயதுப் பையன், கடன் வாங்கிய காசில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பஸ்ஸில் நாட்டைக் குறுக்கே கடந்து வந்திருந்தான். அதற்கு முன்னால் ஹாலிவுட் தெருக்களில் சக்கரக் காலணி போட்டுக்கொண்டு நடிகர் நடிகையரிடம் கையெழுத்து வாங்கித் திரிந்தவன் அவன். பெயர் ரே பிராட்பரி. பின்னாளில் அவர் புத்தகங்களில் கையெழுத்து வாங்க உலகமே வரிசையில் நின்றது. அந்த மாநாடுகள் இன்றும் நடக்கின்றன. காமிக் கான் போன்ற வேறு ரசிகர் விழாக்களில் நடிகர் கையெழுத்துக்குக் கட்டணம் உண்டு, சீட்டு உண்டு, வரிசை உண்டு. 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கத்திலேயே காமிக் கான் நடந்தது. காந்தியடிகளும் கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கினார். அது அரிஜன நிதிக்குப் போயிற்று. கட்டணத்தை நான் குறை சொல்லவில்லை. பூஞ்சேரியில் அது இல்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ரசிகன் ஆட்டக்காரனாவது நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 2013-இல் ஆனந்தும் கார்ல்சனும் சென்னையில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆடியபோது, இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த கூட்டத்தில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். குகேஷ். உள்ளே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அப்போதே நினைத்ததாகப் பிற்பாடு அவரே சொன்னார். பூஞ்சேரியில் இந்திய இரண்டாம் அணியின் முதல் பலகையில் ஆடியபோது அவருக்கு வயது 16. முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்றார். எட்டாவதில் தோற்றவர் அமெரிக்காவின் ஃபாபியானோ கருவானா. அந்த வாரம் செங்கல்பட்டு டீக்கடைகளில் சதுரங்கம் பேசினார்கள். இதை நானே கேட்டேன்.

பத்தாம் சுற்று, ஆகஸ்ட் 8. எதிரே உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ். குகேஷ் கை மேலோங்கிய ஆட்டம். கடிகாரம் இரண்டு பேரையும் நெருக்கியது. அவசரத்தில் ஒரு தவறான நகர்வில் குதிரை போயிற்று, ஆட்டமும் போயிற்று. அணிகளுக்குள் இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெள்ளி ஆர்மீனியாவுக்கு, வெண்கலம் நம் பிள்ளைகளுக்கு. நான் முதலில் சொன்ன அந்த விதியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வயதில், அப்படியோர் ஆட்டத்தைத் தோற்ற அந்த இடத்திலும், விதிப்படி முடிவைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். 11 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்து முதல் பலகையின் தனிநபர் தங்கத்தை அவர்தான் வென்றார். அந்தப் பலகையில் கார்ல்சனுக்குக் கிடைத்தது வெண்கலம். 2024 டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார் குகேஷ்.

அந்தக் கூடத்தில் வேறு யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது திரும்பிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. இந்தியப் பெண்கள் இரண்டாம் அணியில் ஆடிய பதினாறு வயது திவ்யா தேஷ்முக் 2025-இல் மகளிர் உலகக் கோப்பையை வென்றார். தங்கம் வென்ற உஸ்பெக் அணியில் இருந்த சிந்தாரோவுக்கும் அப்போது பதினாறுதான். 2025-இல் கோவாவில் நடந்த உலகக் கோப்பை அவருக்கு. போட்டி தொடங்கும்போது அந்த உஸ்பெக் அணிக்கு 14-ஆவது தரவரிசை. நம் சென்னைப் பிள்ளைகள் பிரக்ஞானந்தாவும் அவர் அக்கா வைஷாலியும் அங்கே ஆளுக்கொரு அணியில் வெண்கலம் வாங்கினார்கள். கையெழுத்து வாங்கும்போது நாளைக்கு யார் என்னவாவார் என்று ரசிகருக்குத் தெரியாது. அதனால்தான் எல்லாரிடமும் வாங்க வேண்டும் என்கிறேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். பூஞ்சேரியில் ஆடிய ஆட்டங்களின் நகர்வுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஸ்கோர் ஷீட் போட்டி அமைப்பாளரின் சொத்து என்பது விதி, அவை அவர்களிடம் போய்விட்டன. புள்ளிப் பட்டியல், பதக்கப் பட்டியல் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பதிவாகாதது ஒன்றே ஒன்று. வாசலில் நின்ற நாம். திருப்போரூரிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் கல்பாக்கத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் யாரைப் பார்த்தார்கள், என்ன பேசினார்கள், எந்தப் பக்கத்தில் யார் எழுதினார்கள் என்பது அவரவர் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. சதுரங்கப் பலகையின் பின்புறத்தில் வாங்கியவர்கள் உண்டு. நுழைவுச் சீட்டில், தொப்பியில், ‘தம்பி’ படம் போட்ட காகிதத்தில் வாங்கியவர்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பிரியும்போது எழுதி வாங்கிய ஆட்டோகிராஃப் நோட்டோடு சேர்த்துக் கட்டிவைத்தவர்களும் இருப்பார்கள். பிள்ளைகள் வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். வீடு வெள்ளையடிக்கும்போது பழைய தாளோடு இவையும் எடைக்குப் போகும்.

போவதற்கு முன்னால் பிரதி எடுத்துவிட வேண்டும். மாவட்டத்தின் எந்த நூலகத்திலாவது, இந்தக் கையெழுத்துகளின் படங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம். பெரிய செலவு இல்லை. ஒரு ஸ்கேனர், ஒரு கணினி, வாரத்தில் ஒரு மாலை உட்கார ஆசிரியரோ மாணவரோ இரண்டு பேர். அசல் உங்களிடமே இருக்கட்டும். பிரதி மட்டும் பொதுவுக்கு வரட்டும்.

அசலைக் காப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அன்பின் மிகுதியால் பாழாக்கிவிடுகிறார்கள். லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து பிரிக்கவே முடியாது, உள்ளே தாள் பழுத்தால் வெளியே எடுக்க வழியில்லை. செலோ டேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். சட்டம் போட்டு வெயில் விழும் சுவரில் மாட்டினால் மை வெளுக்கும். நம் கடலோரக் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். இரும்புப் பெட்டியில் போட்டுச் சுவரை ஒட்டி வைத்தால் பூஞ்சை வரும். அமிலம் இல்லாத உறை கடைகளில் கிடைக்கிறது. அதில் போட்டு, நிமிர்த்தி அடுக்காமல் படுக்கையாக, தரைக்கு மேலே உலர்ந்த அலமாரியில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கையெழுத்து மட்டும் இருந்தால் போதாது. ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிறவருக்கு அந்தக் கிறுக்கல் யாருடையது என்று தெரிய வேண்டும். நோட்டிலேயே எழுத மனம் வராவிட்டால் தனித் துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். போட்டவர் பெயர், நாடு, எந்தச் சுற்று நடந்த நாள், எந்த இடத்தில் வாங்கியது, வாங்கியவர் பெயர், அன்றைக்கு அவர் படித்த பள்ளி. யார் என்று நினைவில்லை என்றால் அதையும் கொண்டு வாருங்கள். அணிப் பட்டியல்கள் இருக்கின்றன, சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் பலவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். ஜார்ஜிய எழுத்தையும் அரபியையும் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடி எழுதிக் கேட்டால் உதவுவார்கள்.

அக்கா மகளின் நோட்டில் நிரம்பாத பக்கங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. உங்கள் வீட்டில் அந்த நாடுகள் இருக்கலாம். பேச்சு முடிந்ததும் அவள் வாசலுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பாள். வீட்டில் நோட்டோ, பலகையோ, ஒற்றைச் சீட்டோ இருக்கிறவர்கள் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுப் போங்கள். வர முடியாத பெரியவர்கள் வீட்டுக்கு நாங்களே ஸ்கேனரை எடுத்துக்கொண்டு வருகிறோம்.